சோரியாங்குப்பத்து வெந்நீர்

டேய்,

காலையில் சோரியாங்குப்பத்தில், அந்தோணியம்மா அக்கா கொல்லையில் மோட்டார் போட்டதும் அதே வாடை. லேசாக அவித்த முட்டை வாடை. "பூமிக்குள்ள யாரோ நாஷ்டா செய்றாங்கடா" என்பாய். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு வருஷம் ஒரே பைக்கில் போய், பாகூர் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் சூட்டையும் உப்பையும் மாதாமாதம் அளந்தோம். மணலுக்கெல்லாம் கீழே, சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கிற தண்ணீர். ஆழத்துச் சூட்டில் வெந்நீராகவே மேலே வரும். கடலோ பக்கம். வாயில் வைத்தால் தெரியாத உப்பு ஏறினாலும் நம் நோட்டில் தெரிந்துவிடும். அதைக் கேட்டுத்தான் அக்கா நாற்று விடுவார்கள்.

மோட்டார் போட்டதுமே நான் தெர்மாமீட்டரை நீட்டுவேன். நீ கையைத் தட்டிவிடுவாய். "பத்து நிமிஷம் வுடுடா. பைப்புல கெடந்தது போவட்டும், கீழ இருக்கறது வரட்டும்." எனக்குக் கால் தரிக்காது. வரப்பில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். "இன்னாடா, குட்டி போட்ட பூன மாதிரி" என்று கிண்டல் செய்வாய்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதம் தனியாகச் சுற்றினேன். சோரியாங்குப்பத்துக்கு மட்டும் போகவில்லை. வெயில், சலிப்பு. வேறு காரணம் கிடையாது. போன மாத அளவையே பார்த்து எழுதி, உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். "போனியாடா?" என்றாய். "போனேன்" என்றேன். குளுக்கோஸ் ஏறாத கையால் கையெழுத்துப் போட்டாய்.

அந்த அளவை நம்பி அக்கா விட்ட நாற்று உப்பில் கருகியது. அடுத்த மாதத்து அளவைப் பார்த்துவிட்டு, "ஒரே மாசத்துல இவ்ளோ ஏறாதே" என்று முனகிக்கொண்டே இருந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை, பாவி. அந்தக் குழப்பத்தோடேயே நீ போய்விட்டாய்.

அந்த அளவுக்குக் கீழே இருந்தது உன் கையெழுத்து. போன வாரம் வழியில் அக்கா சொன்னார்கள்: "செத்தவர கொற சொல்லக்கூடாது. ஆனா ஒன் கூட்டாளி ஒழுங்கா அளந்திருந்தா என் நாத்து போயிருக்காதுப்பா." அன்றிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் எழுந்துவிடுகிறேன்.

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். "பொய்யா எழுதினது நான்தான்க்கா. அவன் என்ன நம்பிக் கையெழுத்துப் போட்டான்." அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு வருஷமா அந்த மனுசன ஏசிக்கினு இருந்தேனே" என்றார்கள். பிறகு போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார்கள்.

பத்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்றேன். கையில் சூடு தட்டிய பிறகுதான் அளந்தேன். உப்பு இன்னும் ஏறியிருக்கிறது. அக்காவிடம் உள்ளபடி சொன்னேன். பழைய பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, "போகவில்லை" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். புதுப் பக்கத்தில் உன் கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது.

போனேன்டா. இந்த முறை நிஜமாகவே போனேன்.