தாத்தா படத்துக்குப் போட்ட மாலை

கோம்பை,
சித்திரை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சொர்ணலதாவுக்கு அப்பா சுருளியாண்டி ஆசீர்வதித்து எழுதுவது. டென்மார்க்கில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் பேரனும் நோய் நொடி இல்லாமல் இருக்க சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி எழுதித்தான் எனக்குப் பழக்கம், நீ காலேஜ் விடுதியில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன், இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசினால் போதாதா, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் பெயரை நான் எடுத்தாலே உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றுகொள்கிறாள், பேசவும் மாட்டாள், அங்கிருந்து போகவும் மாட்டாள். அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் தோட்டத்து வேலைக்கு வரும் ஒச்சாண்டியிடம் கொடுத்து அவன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன், அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் திராட்சையே பழுத்துவிடும், அதனால் ரகசியம் வெளியே போகும் என்ற பயமில்லை.

தோட்டத்தை இந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துத் தங்கப்பாண்டியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டேன். கொடியை வெட்டிக் கவாத்து நன்றாகத்தான் செய்திருக்கிறான், பன்னீர் திராட்சை பிஞ்சு பிடித்திருக்கிறது, கோடை மழை தப்பான நேரத்தில் கொட்டாமல் இருந்தால் தப்பித்துக்கொள்வான். நம் வீட்டு நாய்க்குத்தான் குத்தகை விஷயம் இன்னும் புரியவில்லை, அவன் பந்தலுக்குள் கால் வைத்தால் பல்லைக் காட்டுகிறது, நான் போய் நின்று அனுமதி வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உன் அம்மா இந்த வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அவள் சொல்லவில்லை, பூசாரி வீட்டில் சொல்லி எனக்கு வந்தது. முழங்கால் வலியோடு படி ஏறவே முடியாதவள் நெருப்பைக் கையில் ஏந்தி நடக்கப் போகிறாளாம். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான், ஆத்தாளுக்கு ஒரு கடன் இருக்கு" என்கிறாள்.

நீ பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாடு என்று வீட்டிலேயே நடத்துகிறாயே, அது எனக்கு முதலிலிருந்தே பிடித்த விஷயம், நடந்ததற்கெல்லாம் பிறகும் அதையேதான் சொல்வேன். சுவரில் உலகப் படத்தை மாட்டி, அந்த மாதத்து நாட்டில் ஒரு குண்டூசி குத்தி, அந்த நாட்டுச் சாப்பாடு, உடுப்பு, பாட்டு, விளையாட்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீங்கள் நாலு பேரும் கூத்தடிப்பதைப் பார்க்க எனக்கு சந்தோஷமாக இருக்கும். ஜப்பான் மாதத்தில் சின்னவன் போனிலேயே எனக்குக் கொக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தான். நான் தினசரித் தாளைக் கிழித்து மடித்தது காக்கா மாதிரி வந்தது, பெரிய மனசு பண்ணி அவன் அதைக் கொக்கு என்றே ஒப்புக்கொண்டான். எத்தியோப்பியா மாதத்தில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டீர்களே, அன்றைக்கு உன் அம்மா போனை மூக்கில் ஒட்டுகிற மாதிரி பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம குமுளிப் பக்கத்து ஆப்பந்தான, இதப் போயி எத்தியோப்பியாங்குறா" என்று ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வெளியில் யாரும் கிடையாது என்றிருந்த எங்களுக்கு உன் பிள்ளைகளால் ஊர் ஊராக உறவு வந்தது.

அப்புறம் எங்கள் முறை வந்தது. இந்தியா மாதம் என்று நீ சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒன்று சுருக்கென்றது, அதை அன்று சொல்லவில்லை. எத்தியோப்பியாவுக்குப் பின்னால், எகிப்துக்கு முன்னால் நாங்கள். பெற்ற மகளின் பிள்ளைகளுக்கு நாம் ஒரு மாதத்து நாடாகிவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது. ஆனால் உன் அம்மா அப்படியெல்லாம் நினைக்கவில்லை, கல்யாண வீட்டு வேலை மாதிரி எடுத்துக்கொண்டாள். வாசலில் கோலம் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள், எள்ளுருண்டை பிடிப்பதைக் காட்டினாள், எதிர்வீட்டுப் பிள்ளை பாண்டீஸ்வரியை உட்கார வைத்து ஜடை பின்னிக் காட்டினாள். நீ மேஜையில் வைக்கப்போவதாக அனுப்பிய படத்தில் தாஜ்மகாலும் யானையும் மயிலும் இருந்தன. தாஜ்மகாலை இந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. அதைச் சொல்லி நான் கேலி செய்ததற்குத்தான் பெரியவள், தாத்தா வீட்டில் இருக்கிற மாதிரியே நானே ஒன்று செய்யப்போகிறேன், ஞாயிற்றுக்கிழமை பாருங்கள் என்று சொன்னாள்.

இனி நான் தள்ளி வைத்த வரியை எழுதுகிறேன், உட்கார்ந்து படி. அந்த ஞாயிறு எனக்கு மதுரையில் ஆஸ்பத்திரி. சனிக்கிழமையே போய் ஸ்கேன் எடுத்துத் தங்கி, மறுநாள் காலையில் பெரிய டாக்டரைப் பார்த்தோம். உன்னிடம் வாய்வுக் கோளாறு என்று சொல்லி வைத்திருந்தேன், அது வாய்வு இல்லை, கணையத்தில் கட்டி, கல்லீரல் வரைக்கும் போய்விட்டது. ஆபரேஷன் வேண்டியதில்லை, வலிக்கு மாத்திரை தருகிறேன், பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் அதை நல்ல சேதி என்று நினைத்து எழுந்து கும்பிட்டேன் சொர்ணம். ஆபரேஷன் இல்லை என்றால் பிழைத்தேன் என்றுதானே தோன்றும். உன் அம்மாவுக்கு மட்டும் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பஸ்ஸில் ஆண்டிபட்டிக் கணவாய் வரை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள், அதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு விளங்கும்படி சொன்னாள். வீட்டுக்குள் நுழைந்து முகம்கூடக் கழுவவில்லை, உன் போன் வந்தது. பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று அவள்தான் எடுத்தாள்.

அப்போது நாங்கள் பார்த்தது மேஜை நடுவில் என் படம். நீ ரெண்டு வருஷம் முன்னால் எடுத்தது, நான் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பேனே அந்தப் படம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, மஞ்சள் பூவில் மாலை போட்டு, முன்னால் விளக்கு ஏற்றியிருந்தது. பக்கத்தில் பெரியவள் பட்டுப்பாவாடையில் கை கூப்பி நின்றாள், நீ பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா அதற்குப் பிறகு பேசியது உனக்குத் தெரியும். "ஏண்டி, அவுக இங்கன உசுரோட உக்காந்திருக்காக, நீ அங்கன மாலையப் போட்டு விளக்கேத்தி வச்சிருக்கியே, உங்கப்பனுக்கு நாள் குறிச்சுட்டியாடி" என்றாள். நீ, "இது சின்னப்பிள்ளைங்க விளையாட்டும்மா, எதுக்கெடுத்தாலும் சகுனமா, பிள்ளை பயந்து அழுறா பாரு, இனிமே போன்ல காட்டவே மாட்டேன் போ" என்றாய். அவள், எனக்கு மகளே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் காலையில் என்ன கேட்டுவிட்டு வந்திருந்தாள் என்பது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீ அப்படிப் பேசியிருக்க மாட்டாய், அதனால் உன்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, தன் கையால் அந்த மாலையைக் கட்டிக் கொடுக்கும்போதுகூட ஒன்றும் தோன்றவில்லையா என்று மட்டும் ஒரு வலி இருந்தது. வலியை வலி என்றுதான் எழுத வேண்டும்.

நீயும் கோபத்தில் போனை மேஜையில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். கட்டிலில் கிடந்ததை எடுத்து நான் பார்த்தால் பெரியவள் மட்டும் தேம்பிக்கொண்டு நிற்கிறாள். மெதுவாகக் கேட்டேன், ஏன் ஆத்தா தாத்தாவுக்கு மாலை போட்டாய் என்று. அதற்கு அவள், "உங்க வீட்டு ஹால்ல எல்லாரும் மாலை போட்டிருந்தாங்கல்ல தாத்தா, அவங்கெல்லாம் யாருன்னு கேட்டதுக்கு நம்ம குடும்பத்துப் பெரியவங்கன்னு அம்மா சொன்னா, உங்க படத்துக்கு மட்டும் மாலையே இல்ல, பாவமா இருந்துச்சு" என்றாள். கடைசியாக நீங்கள் வந்தபோது நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. என் அய்யா, ஆத்தா, என் அண்ணன் மூன்று பேர் படத்தையும் காட்டி அவள் கேட்டாள். சின்னப்பிள்ளையிடம் சாவு என்று சொல்ல வேண்டாம் என்று நீ பெரியவர்கள் என்று சொல்லி முடித்துவிட்டாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நல்லது என்று தலையாட்டினேன். அதை அந்தப் பிள்ளை இத்தனை நாள் மனசில் வைத்திருந்து, தாத்தாவுக்கு மட்டும் மரியாதை குறைந்துவிட்டது என்று இரக்கப்பட்டுப் பூ வாங்கச் சொல்லியிருக்கிறாள். தாஜ்மகாலும் மயிலும் நீ கம்ப்யூட்டரில் எடுத்தது. எங்கள் வீட்டிலிருந்து அவள் கண்ணால் கண்டு எடுத்துக்கொண்டு போனது இது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் பயப்படுவாள் என்று தும்முகிற மாதிரி துண்டை மூக்கில் வைத்துக்கொண்டேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். மற்ற நாட்டுப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் எப்படி ஆடுவார்கள், என்ன தின்பார்கள் என்பதோடு, ஒருவர் இறந்துவிட்டால் எப்படி அழுவார்கள் என்பதையும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல். எல்லா நாட்டையும் கல்யாண வீடாகவே காட்டினால் பிள்ளைகளுக்குப் பாதி உலகம்தான் தெரியும். முடிந்தால் அந்த நாட்டுக்காரர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்பாடு போட்டுக் கேள். இந்த மாதிரித் தப்பை அவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். பெரியவளுக்கு மாலையின் அர்த்தத்தை இப்போதே நீயே சொல்லிவிடு, பள்ளிக்கூடத்திலோ வேறு யாரிடமோ அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். சொல்லும்போது முறையாகச் சொல். தாத்தாவுக்கு நோய் முன்பே இருந்தது, டாக்டர் காலையில் சொன்னார், நீ மாலை போட்டது அன்று சாயங்காலம் என்று சொல். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால், தான் போட்ட மாலையால்தான் தாத்தா போனார் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது. எனக்கு இப்போது இருக்கிற பயம் அது ஒன்றுதான், கட்டிகூட இல்லை. அப்படி ஒரு நினைப்பு பிள்ளை மனசில் விழுந்தால் பிறகு யார் எடுப்பது.

உன் அம்மாவுக்கும் அந்த மாதிரி நினைப்புதான் நோய் சொர்ணம். உன்மேல் கோபம் அவளுக்கு ரெண்டு நாளில் தீர்ந்துவிட்டது. நாள் குறித்துவிட்டாயா என்று தன் வாயால் சொல்லிவிட்டோமே, அது பலித்துவிடுமோ என்றுதான் உருகிக்கொண்டிருக்கிறாள், தீச்சட்டியும் அதற்குத்தான். எனக்கு மூன்று வேளையும் கஞ்சி, ரசம், குழைந்த சோறு என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறாள், தான் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறாள். நீ போன் செய். முதலில் எடுக்க மாட்டாள், விடாதே, அவள் எடுக்கும் வரைக்கும் செய். எடுத்ததும் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், என் உடம்பைப் பற்றியும் கேட்காதே, சாப்பிட்டியாம்மா என்று கேள், அப்புறம் பெரியவளிடம் கொடுத்து அம்மாச்சி என்று கூப்பிடச் சொல். மற்றதை அவளே பேசுவாள், நிறுத்தத்தான் ஆள் வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குளிரில் பிள்ளைகளுக்குத் தலையை நன்றாகத் துவட்டி விடு, சின்னவன் காதுவலியை அசட்டையாக விடாதே, நீயும் வேலை வேலை என்று நின்றபடி சாப்பிடாதே. எல்லோரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் போய்விட்டேன் என்று கேட்டால் நீ அடுத்த பிளைட்டைப் பிடித்து அழுதுகொண்டு ஓடி வருவாய், லீவு கிடைக்கும், மாப்பிள்ளையும் வருவார், பிள்ளைகளையும் கூட்டி வருவாய், எனக்குத் தெரியும். அந்த வரவை நான் பார்க்க முடியாது ஆத்தா. நான் பார்க்கிற மாதிரி ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அப்பா
சுருளியாண்டி