குண்டனின் வலது பின்னங்கால்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய இடது முட்டி மட்டும் வழக்கம்போல. நம் குண்டன் நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான் என்றே இரண்டு மாதமாக உன்னிடம் சொல்லி வந்தேன். சாப்பிடுவது உண்மை. மற்றது பொய், அதை இன்று எழுதிவிடுகிறேன்.

அவன் வாலையும் பின்பக்கத்தையும் ஒரு தினுசாக ஆட்டி ஆட்டி நடக்க ஆரம்பித்தபோது நாங்கள் சிரித்தோம், அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. அப்பா நொண்டுகிறார், தினமும் காலையில் கூடவே நடக்கிறவன் அவரைப் பார்த்துப் பழகிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டோம். மாடி வீட்டுத் தையல்காரர், சாருக்குத் தைக்கிற துணியிலேயே இவனுக்கும் ஒரு பேன்ட் வெட்டுகிறேன், ஒரு கால் குட்டையாக இருந்தால் போதும் என்று கேலி பண்ணுவார். அப்பாவுக்கு அதில் பெருமை வேறு. பெற்ற பெண் என்னிடம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, இவன் என் நடையையே எடுத்துக்கொண்டான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், கோபித்துக்கொள்ளாதே.

எனக்குத்தான் எதையும் எழுதி வைக்காவிட்டால் இருப்புக் கொள்ளாதே. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் தடுக்குவதைத் தேதி போட்டுக் குறித்தேன். முதல் வாரம் மூன்று, அடுத்த வாரம் ஒன்பது. கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது, எல்லாமே வலது பின்னங்கால். அப்பாவுக்கு இடது. பார்த்துச் செய்கிறவன் காலை மாற்றியா நொண்டுவான்? அவன் பாதங்களை நனைத்துப் பழைய செய்தித்தாள் மேல் நடக்கவிட்டேன். மூன்று பாதம் பூப்போலப் பதிந்தது, நாலாவதுக்கு வெறும் ஈரக்கோடு, இழுத்துக்கொண்டு போன கோடு. அந்தப் பாதத்தின் நடு நகம் இரண்டும் சதை தெரியத் தேய்ந்திருந்தன. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. நான் நேராக நடந்தால் அவனும் நடப்பான் பார் என்று பல்லைக் கடித்து, முட்டியை விறைத்துக்கொண்டு கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். சட்டை நனைந்துவிட்டது. குண்டன் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனான், காலையும் இழுத்துக்கொண்டு. ஐந்தாவது திருப்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்று சாப்பிடவே இல்லை.

மிருக டாக்டரம்மா அந்தப் பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். நோயில்லாத நாய் கண் இமைக்கும் முன் திருப்பிக்கொள்ளுமாம். இவன் அப்படியே வைத்துக்கொண்டு அவர் கையை நக்கினான். நான் மனசுக்குள் முப்பது வரை எண்ணினேன். எக்ஸ்ரே படமும் ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகுத்தண்டு நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அழிகிற நோயாகத்தான் இருக்கும் என்றார். வலிக்காதாம், மருந்தும் இல்லையாம். பின்னங்கால் இரண்டும் போன பிறகு முன்னங்கால்களாம். முன்னமே கூட்டி வந்திருந்தால் என்று அப்பா கேட்டார். அப்போதும் இதேதான், பெயர் மட்டும் முன்னால் தெரிந்திருக்கும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. போன வாரம் இடது பின்னங்காலும் போய்விட்டது. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து நாங்கள் தூக்கிப் பிடிக்கிறோம்.

நீ வர இன்னும் பத்து மாதம். அதுவரை வைத்திருங்கள் என்று கேட்டுவிடாதே சின்னு. முன்னங்கால் மடங்குகிற அன்று ஊசி போட்டு அனுப்பிவிடுவது என்று பேசி முடித்துவிட்டோம். பிரார்த்தனையில் குணமாக்கு என்று கேட்பதையும் நிறுத்திவிட்டேன். அந்த நாளில் என் கை நடுங்காமல் அவன் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. அடுப்படியில் நின்றபடியே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. ஆண்டவன் அருளால் நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, இனி நானே எழுதுகிறேன், நீ போனில் கூப்பிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உன் குரல் கேட்டதும் முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வாசல் கதவு வரை போய்விட்டான். நீ பேசி வைத்த பிறகும் அங்கேயே கிடந்தான். தூக்கப் போன என்னைப் பார்த்து உறுமினான்.

இப்படிக்கு,
உன் அம்மா