நகர்ந்துகொண்டே போன சிவப்புக் கோடு

என் செல்லச் சண்டைக்கார அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் நாலு நாளும் ஆகிறது. உன் பெயரில் யாரோ டிவி பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சிரிக்காதே.

ஒன்பது வருஷமாக ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அடையாள அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தே கண் இப்படி ஆகிவிட்டது. பேரப்பிள்ளை எடுத்த தம்பதியைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் அறைச் சாவியைக் கொடுப்பேன். "ஏ போலீஸ்" என்று நீ என்னைக் கூப்பிட்டது சும்மாவா?

முதல் சந்தேகம் உன்மேல்தான். கடைசியாக நீ எஸ்டேட்டுக்கு வந்தபோது, அப்பா நாற்காலியில் இருக்கும்போதே அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடரை முதல் பகுதியிலிருந்து ஏன் போட்டாய்? துறைமுக ஊரில் இரண்டு பையன்கள். ஒருவன் பியானோ வாசிப்பான், இன்னொருவன் பாடுவான். பெரிய மேடை ஏற வேண்டும் என்று இருவருக்கும் வெறி, ஆனால் பாடுகிறவனுக்கு மேடையில் தொண்டை அடைத்துக்கொள்ளும். இதற்கு நடுவில் ஒருவன்மேல் ஒருவனுக்குக் காதல் வேறு. அவர்கள் கைகோத்ததும் அப்பா ரிமோட்டை எடுத்து அணைத்தார். நீ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினாய். அப்புறம் காய்ச்சல், பாலக்காட்டு ஆஸ்பத்திரி. அப்பா வந்து சேர்வதற்குள் நீ இல்லை. அப்பாவிடம் என்ன சொல்ல வந்தாய், அண்ணா?

போன மாதம் ஒருநாள் டிவியில் உன் பெயரிட்ட கட்டத்தைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். அந்தத் தொடர் வந்து நின்றது. எதுவரை பார்த்திருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு, அப்பா அணைத்த இடத்திலேயே நிற்க வேண்டும் இல்லையா? இரண்டாம் பகுதியின் பாதியில் நிற்கிறது. அடுத்த வாரம் நான்கில். அதற்கடுத்த வாரம் ஏழில். பகுதி எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். பிறகு கோபம் வந்தது.

உன் பாஸ்வேர்டு தெரிந்த வெளியாள் ஒருவர்தான். பாலக்காட்டில் உன்னோடு ஒரே அறையில் இருந்த கல்பாத்தி அக்கிரகாரத்து விச்சு, வயலின்காரர். நீ போனபின் மூன்று தடவை போன் செய்து, "சாமுவோட போன்ல எங்க பாட்டு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் தருவேளா?" என்று கேட்டவர். எங்க பாட்டாம்! கொச்சிக்குப் போய் ரெக்கார்டு பண்ண வேண்டும், எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து ஒரு பாட்டுக்காரன் வந்தான் என்று ஊர் சொல்ல வேண்டும் என்று அலைந்தது நீ. அதை இன்னொருவர் தன் பெயரில் போட்டுக்கொண்டால், நீ இருந்தாய் என்று காட்ட எங்களிடம் என்ன இருக்கும்? உன் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வியாழக்கிழமை உன் நினைவு ஜெபம். லயத்து ஜனமெல்லாம் டீயும் பன்னும் சாப்பிட்டுக் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் வாசலில் நின்றார். விச்சுதான். ஒரு கையில் வயலின் பெட்டி, இன்னொரு கையில் வழியில் மறையூரில் வாங்கிய வெல்லம். லஞ்சமாக இருக்குமோ என்று நினைத்தேன். வெளியூரிலிருந்து பையோடு வருகிறவரைச் சோதிக்காமல் உள்ளே விட எனக்கு வராது. போனை எடுத்து வந்து அந்தப் பாட்டை ஓடவிட்டேன். நீ இரண்டு வரி பாடுவாய், நிறுத்துவாய், காலால் தாளம் மட்டும் தட்டுவாய், மறுபடி பாடுவாய். வார்த்தை மறந்து தடுமாறுகிறாய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"உங்க பாட்டுன்னா வாசிச்சிக் காட்டுங்க" என்றேன்.

அவர் சுருதி சேர்த்தார். நீ நிறுத்திய இடத்தில் வில்லை வைத்தார். நீ மறுபடி எடுப்பதற்குச் சரியாக முந்தி விலகிக்கொண்டார். நான்கு இடைவெளி, ஒன்றில்கூட உன்மேல் இடிக்கவில்லை. நான்கையும் அவருக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறாய். என் மேசையில் இத்தனை சரியான அடையாள அட்டையை நான் பார்த்ததில்லை.

அவர் அழுதார். நானும் அழுதேன். ஆனாலும் கேட்டேன்: "அப்பம் அண்ணன் பேர்ல அந்தத் தொடர ஒண்ணுலருந்து வரிசையாப் பாக்கது நீங்கதான?"

"நானா? எட்டு வரைக்கும் ரெண்டு பேருமா எங்க ரூம்லே பார்த்ததாக்கும். பாக்கி நாலும் சேர்ந்துதான்னு வெச்சிருந்தோம். அவன் இல்லாம எப்படிப் பாக்கறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுலேர்ந்து வரிசையாப் போறதுன்னா, அது இதுவரைக்கும் பாக்காத யாரோ."

வீட்டில் இருப்பது நானும் அப்பாவும் மட்டும். என் போலீஸ் கண் சொந்த வீட்டு நாற்காலிப் பக்கம் போகவே இல்லை.

திரும்பினேன். அப்பா காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி முழிக்க? நீ வேலைக்குப் போனப்புறம் பாத்தேன். கீழ ஓடுத இங்கிலீசு எழுத்து நமக்கு எங்க தெரியுது, மூஞ்சியப் பாத்தாப் புரியுதுல்லா." பிறகு விச்சுவிடம் கேட்டார்: "ஏ தம்பி, அந்தப் பாடுத பையன் கடைசில மேடையில பாடுதானா, இல்லியா?"

"தெரியாது. நாங்க முடிக்கலை."

"நானும் எட்டோட நிக்கேன். மேல பாக்கப் பயமா இருக்கு." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அன்னைக்கு அவன் எனக்குத்தான் போட்டுக் காட்டுதான்னு தெரியும். தெரிஞ்சுதான் அணைச்சேன். ஏட்டி, அந்தப் போன தம்பிகிட்டக் குடு."

கொடுத்துவிட்டேன். ஆனால் பாட்டு வெளிவரும்போது இருவர் பெயரும் இருக்கும், உன் பெயர் முதலில் இருக்கும் என்று ரிசார்ட் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சாமு சொல்லியிருக்கான், போலீஸ்னு" என்றார். என்னைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாயோ!

வருகிற ஞாயிறு மத்தியானம் அவர் மறுபடி வருகிறார். மூன்று பேருமாக ஒன்பதாம் பகுதியைப் போடப்போகிறோம். உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், அண்ணா. ரிமோட் என் கையில்தான் இருக்கும். அந்தப் பையன்கள் கைகோக்கட்டும், அழட்டும், பாடட்டும். முடிகிறவரை யாரையும் அணைக்க விடமாட்டேன்.

உன் தங்கை,
விச்சுவுக்கும் தங்கைதானா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கும்
ஜெபா