இரண்டாம் வரிக்குக் காத்திருக்கிறோம்

அன்பு மகள் ரூபீனாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் அத்தாவும் சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டுமென்று தொழுகைக்குத் தொழுகை துஆ செய்கிறேன். திருவல்லிக்கேணியில் இப்போது கடல்காற்று கிளம்புகிற நேரம், மசூதிப் புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காருகின்றன, காகிதம் பறக்காமலிருக்க உன் பழைய ஜாமென்ட்ரி பாக்ஸை மேலே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கொஞ்சம் மிதந்தாற்போல் இருந்தால் சிரிக்காதே.

போன வாரம் போனில் திடீரென்று, கவிதை படிக்கணும்மா, யாரை முதல்ல படிக்கிறது என்று கேட்டாய். கவிதைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனால் என் மடியிலேயே தூங்கிவிடுகிற பிள்ளை நீ. கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல், ஆனால் அதற்கு முன்னால் நீ, இங்க சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடுதும்மா என்று ஒரு வரி சொல்லி அப்படியே நிறுத்திக்கொண்டாய். என்னம்மா என்றதற்கு ஒன்றுமில்லை என்றாய். அந்த ஒன்றுமில்லையை நினைத்துத்தான் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அத்தாவோ, கவிதையெல்லாம் இருக்கட்டும், புள்ள சாப்டுச்சான்னு கேட்டியா என்கிறார்.

முதலில் மயிலாப்பூர் சூடாமணி டீச்சரைப் படி. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாரே, அவர்தான், சின்னத் தமிழ்ப் புத்தகம். குளத்துப் படியையும் மழைநாளில் காயாத துணியையும் எழுதுவார், பெரிதாக ஒன்றும் நடக்காது, ஆனால் படித்துவிட்டு நம் வீட்டுக் கொடியைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். உனக்கு அனுப்பப்போகிறேன் என்றதும், ஒரே நாள்ல முழுங்கிட வேண்டாம்னு சொல்லுங்கோ, ஒண்ணைப் படிச்சுண்டு ஒரு நடை போயிட்டு வரட்டும் என்றார். நீதான் ஏற்கெனவே லைப்ரரியில் தலையணை கனத்தில் ஒரு கவிதைத் தொகுப்பை எடுத்து, ரயிலிலேயே புரட்டி முடித்து, எதுவும் ஒட்டலை என்கிறாயே. எப்படி ஒட்டும்? பந்தியில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே கவளமாகப் பிசைந்தால் எந்த ருசி தெரியும்?

அப்புறம் அத்தர் கடை உபைத் பாய். ஷேர் என்கிற அவருடைய உருதுக் கவிதைகள் இரண்டிரண்டு வரிதான், தமிழெழுத்தில் எழுதிப் பொருளும் போட்டு அனுப்புகிறேன், ஆனால் வாய்விட்டுப் படிக்கவேண்டும். அவர் கடை மாடிக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, தூங்கிய நீ எங்கே பார்த்திருப்பாய். ஒருவர் முதல் வரியைச் சொன்னால், கேட்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அப்போதுதான் இரண்டாவது வரி வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை உபைத் பாயின் மருமகள் மஹ்விஷ் முதல்முறையாகப் படித்தாள். அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது, எனக்கும் கையில் தட்டு, யாரும் அவள் வரியை வாங்கித் திருப்பிச் சொல்லவில்லை. பாவம், நின்றுகொண்டே இருந்தாள். அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு குரல் அந்த வரியைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னது. பார்த்தால் உன் அத்தா! என்னைக் கூட்டிப்போக வந்தவர், இத்தனை வருஷமாகியும் உருதுவில் கறிக்கடைப் பேச்சைத் தாண்டாதவர். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள், இரண்டாவது வரி வந்தது, மாடியே வாஹ் வாஹ் என்றது. உங்களுக்கு என்ன புரிந்தது என்று வழியெல்லாம் கிண்டல் செய்தேன். இன்னா புரியணும், அந்தப் பொண்ணு ஒண்டியா நின்னுக்கினு கீதே என்றார். எனக்கு அப்படியே உன் ஞாபகம் வந்துவிட்டது.

பார்சலில் டீச்சர் புத்தகத்தோடும் ஷேர் எழுதிய நோட்டோடும் இஞ்சி முரப்பாவும் வைக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உனக்கு நிம்மதியான தூக்கத்தையும் நல்ல துணைகளையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, புத்தகம் வந்து சேருகிறவரை நீ காத்திருக்கவேண்டாம். இதோ அத்தாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார், இரண்டு பேரும் சேர்ந்தே சொல்கிறோம்: இங்க சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடுதும்மா.

அடுத்த வரியைச் சொல்லு கண்ணு.

உன் அம்மா,
அஸ்மத்துன்னிசா