பள்ளிவாசல் ஏலமும் வாப்பாவின் மூன்று சேவல்களும்

அன்பு மகன் அஷ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வாப்பாவின் முழங்காலும் குசினிக் குழாயும் மட்டும் கொஞ்சம் முனகுகின்றன. கத்தார் வெயிலில் நீயும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். குரல் பதிவு அனுப்பினால் நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தங்கை பஹ்மியா சொன்னாள். அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், பக்கத்து வீட்டு றிப்தி அடுத்த கிழமை அங்கே வரும்போது கருவாட்டுப் பொதியோடு கொண்டுவருவான். காகிதத்தை வேகமாக ஓடவிட ஏலாது.

நீ சொன்ன அந்தச் சின்னக் கிரிப்டோ நாணயத்தைப் பற்றித்தான் கதை. ஊரில் ஏசி திருத்தும் கடை போட நாலு வருஷமாகச் சேர்த்ததை முழுதும் அதில் போடப் போகிறாயாம், பெரிய கம்பனிகள் வாங்கத் தொடங்கி ஒரே கிழமையில் விலை இரட்டித்துவிட்டதாம், எல்லாம் எல்லோர் கண்முன்னும் நடப்பதால் ஒருவரும் ஏமாற்ற ஏலாதாம். எனக்கு இது விளங்காது மகன் (உம்மா சொன்ன சொல் இதைவிடக் காரம், நான் திருத்தினேன் - பஹ்மியா), எனக்கு விளங்குவது வாப்பாவின் சேவல்கள்தான்.

போன மாதம் ஜும்ஆவுக்குப் பிறகு, மத்ரஸாக் கூரைக்காக சுஹைரா மாமி கொடுத்த சேவலைப் பள்ளிவாசலில் ஏலம் விட்டார்கள். வழமைபோல எடுத்தவர் காசைக் கட்டிவிட்டுச் சேவலைப் பள்ளிக்கே திருப்பிக் கொடுக்க, மறுபடியும் ஏலம். ஐஸ் கம்பனி முதலாளியும் லொறி முதலாளியும் மாறி மாறிக் கேட்டு அதை ஒரு மாட்டுக்கன்றின் விலைக்கு ஏற்றிவிட்டார்கள். துறைமுகத்தில் கிறேன் ஓட்டுகிற உன் வாப்பா வீட்டுக்கு ஓடிவந்து, சேவல் விலை எங்கேயோ போயிட்டுது, என்ட காதால கேட்டனான் என்றார். நான் தடுக்கத் தடுக்கக் குறிஞ்சாக்கேணிக்குப் போய் மூன்று சேவல் வாங்கிவந்தார். விற்கச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐஸ் முதலாளியிடமே போய் நின்றார். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, மச்சான், நான் சேவலுக்கா காசு குடுத்தனான், பள்ளிக்கெல்லோ என்றாராம். அதுவும் எல்லோர் கண்முன்னும் நடந்த ஏலம்தான் மகன், வாப்பாவும் முன்வரிசையில்தான் நின்றவர்.

வாங்குகிறவர்கள் குறைந்த சந்தையில் காசுள்ள இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கினாலும் விலை ஏறுமாம், அதைப் பார்த்துச் சின்ன ஆட்கள் ஓடிவந்ததும் அவர்கள் விற்றுவிட்டுப் போவார்களாம், பெரிய சந்தையில் அது அவ்வளவு லேசில்லையாம். பஹ்மியா நூலகத்தில் படித்தது. (அஷ்பாக் நானா, எல்லாக் கம்பனியும் அப்படிச் செய்யும் என்று புத்தகத்தில் இல்லை, செய்ய முடியும் என்றுதான் இருக்கிறது. இதை உம்மா எழுதச் சொல்லவில்லை, நியாயத்துக்காக நானே எழுதினேன்.) நம் முதலாளிமார் அல்லாஹ்வுக்காக ஏற்றினார்கள். உன்னுடையவர்கள் யாருக்காக ஏற்றுகிறார்கள் என்று கேட்டுச் சொல்.

ஒரு சேவலைக் கறிவைத்தேன், ஒன்றை சுஹைரா மாமிக்குக் கொடுத்தேன். மூன்றாவது சேவல் சுபஹு பாங்குக்கு முன்பே கூவித் தெருவை எழுப்புகிறது, விலை ஏறும்வரை வைத்திருக்கப் போகிறாராம் வாப்பா. எங்கள் நஷ்டத்தைச் சட்டியில் போட்டு ஆக்கித் தின்றுவிட்டோம். உன் நாலு வருஷத்தை நீ எந்தச் சட்டியில் போடுவாய்?

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் செய்யட்டும், உன்னைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். நாணயம் வாங்கும் அந்தப் பொத்தானை அமத்துவதற்கு முன் மட்டும் வாப்பாவுக்கு ஒரு போன் கோல் எடுத்து, சேவல் இன்று என்ன விலை போகிறது என்று கேள்.

உன் உம்மா
அசனா

எழுதியவள்: பஹ்மியா, தரம் பதினொன்று