புத்தகத்து வயது

6-5-1963, திங்கள்

முழங்கால் வீக்கம் குறையவில்லை. இன்று காலையில் பதினோரு வால்வு அடைத்தோம். தண்ணீர்ப் பங்கீடு வந்ததிலிருந்து இதே வேலை. முறை வருகிற வட்டாரத்தில் காலையில் அடைப்பது, மாலையில் திறப்பது. சாலையில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, ஆள் உயரச் சாவியை உள்ளே இறக்கி, இரண்டு பேர் நின்று சுற்றவேண்டும். எந்த மூடி எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள். மேலே தார் போட்டு மறைத்தாலும் காலால் தடவிச் சொல்லிவிடுவேன்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் சந்திரமதி எழுதுகிறாள். எனக்குத் தெரிந்த எழுத்து கட்டைவிரல் ரேகை ஒன்றுதான்.

7-5-1963

சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜமால் முகம்மது கூப்பிட்டுவிட்டார். பகல் காவலுக்கு இருந்தவர் ஊருக்குப் போய்விட்டாராம். "வாசல்ல நாற்காலி, தலைக்கு மேல ஃபேன், ரெண்டு வேளை டீ. உட்காருங்க லா பெரியவரே, இன்னும் எத்தனை நாளைக்கு ரோட்டைக் குடையப் போறீங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மகனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பா நிழலில் உட்காரப்போகிறார் என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

9-5-1963

கோவிந்தசாமியிடம் பேசினேன். 34-இல் ஒரே கப்பலில் வந்தவன். குழாய் இலாகாவில் சேர்ந்த அன்று வயது என்ன என்றார் கிளார்க். நான் வாய் திறக்குமுன், என் மெலிந்த உடம்பைப் பார்த்து இருபத்துநான்கு என்று எழுதிக்கொண்டார். அப்போது எனக்கு முப்பது. ஆகவே புத்தகத்தில் இன்று ஐம்பத்துமூன்று, உடம்பில் ஐம்பத்தொன்பது.

ஐம்பத்தைந்தில் ஓய்வு. நிஜத்தைச் சொல்லி, தெரிந்தவன் ஒருவன் சாட்சி சொன்னால், பணிக்கொடையோடு இப்போதே அனுப்பிவிடுவார்கள். நானாக வேலையை விட்டு நின்றால் அந்தப் பணம் கிடைக்காது. கோவிந்தசாமி சத்தியம் செய்யத் தயார். "உனக்கு அறுபதுன்னே சொல்றேன்டா, மூஞ்சியைப் பார்த்தா நம்புவாங்க" என்றான்.

10-5-1963

சந்திரமதி கேட்டாள்: "மாமா, உங்களுக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா?"

பிடிப்பதற்கு அது என்ன மாப்பிள்ளையா என்றேன். சிரித்தாள். ஆனால் இருபத்தொன்பது வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

12-5-1963

பாக்கி விடுப்பில் ஒரு வாரம் எடுத்திருக்கிறேன். நாளை முதல் கடையில் இருந்து பார்ப்பது. சரிப்பட்டால் வயதைத் திருத்தச் சொல்வது.

13-5-1963

உட்கார்ந்தேன்.

15-5-1963, புதன்

கால் வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது. பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருக்கிறது. ஜமால் முகம்மது மரியாதையான மனுஷர். டீ நேரத்துக்கு வருகிறது.

பகல் நீளமாக இருக்கிறது. என் நாற்காலிக்குக் கீழே ஆறு அங்குலக் குழாய் போகிறது. அது எனக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன.

16-5-1963, வியாழன்

இதை ஒழுங்காகச் சொல்லவேண்டும்.

இன்று தேக்காவில் கடை இருக்கும் பக்கத்துக்கு முறை. காலையில் என் இடத்தில் பரமசிவம் சாவியும் கையாள் ஒருவனுமாக வந்தான். நாற்பது வயது, நல்ல வேலைக்காரன். கடைக்கு எதிரே இருக்கும் மூடியைத் திறந்து வலப்பக்கம் சுற்றினான். அசையவில்லை. இறுகிவிட்டது, அடைத்தாயிற்று என்று நினைத்துப் போய்விட்டான்.

அது இடக்கையன். தேக்காவில் அப்படி ஏழு பழைய வால்வு உண்டு, எல்லாம் தலைகீழ்; இன்று முறையில் வந்தது இது ஒன்றுதான். இடப்பக்கம் சுற்றினால்தான் அடையும். அது அடையவே இல்லை. நான் நாற்காலியில் இருந்தபடியே பார்த்தேன். எழவில்லை. விடுப்பில் இருக்கிறேன், என் வேலை இல்லை - அப்படித்தான் நினைத்தேன்.

எதிர்ச்சந்துக்கு மட்டும் பகல் முழுக்கத் தண்ணீர் வந்தது. யார் புகார் சொல்வார்கள்? மாலையில் பரமசிவம் வந்து, திறப்பதாக நினைத்து இடப்பக்கம் சுற்றி இறுக்கினான். ஊருக்கெல்லாம் தண்ணீர் வந்தது, அந்தச் சந்துக்கு நின்றது. புட்டு விற்கும் பூவம்மா வெறும் வாளியோடு நடுரோட்டுக்கு வந்துவிட்டாள். "ஊருக்கே வர்ற நேரத்துல எங்களுக்கு மட்டும் நிக்குது. குழாய்க்கும் என் மாமியார் புத்தி வந்துடுச்சா?"

பரமசிவம் வேர்த்துப்போய் இன்னும் இறுக்கினான். உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் தண்டு முறிந்தால் சாலையையே தோண்டவேண்டும். நான் எழுந்து ஓடினேன். முழங்கால் ஞாபகமே இல்லை. "விடுறா, அது இடக்கையன். வலது பக்கம் திருப்பு."

தண்ணீர் வந்தது. மண்ணுக்குள்ளே அது புறப்படுவது சாவி வழியாகக் கைக்குத் தெரியும். அது எப்படி இருக்கும் என்று சந்திரமதிக்குச் சொல்லத் தெரியவில்லை.

பரமசிவம் ஒன்றுதான் கேட்டான். "இத்தனை வருஷமா ஏண்ணே சொல்லல?"

சாவியை அவன் கையில் கொடுத்தேன். அந்த ஏழு வால்வையும் நானேதான் திருப்புவேன், யாரையும் விடமாட்டேன். சொல்லிவிட்டால் என்னை யார் கேட்பார்கள்? அதுதான். வேறென்ன.

திரும்பி வந்தால் கடை வாசலில் தொங்கிய புதுக்குடை ஒன்றைக் காணவில்லை. ஜமால் முகம்மது திட்டவில்லை. "பெரியவரே, நீங்க என் கடைக்குக் காவலா, ரோட்டுக்குக் காவலா?"

20-5-1963

வேலைக்குத் திரும்பினேன். பரமசிவத்தை நடத்திக்கொண்டு போய் ஏழு இடக்கையனையும் காட்டினேன். மூடிக்குள்ளே சிவப்பு வண்ணம் தீட்டிக்கொண்டான். இனி எவன் வேண்டுமானாலும் திருப்பலாம்.

27-5-1963, திங்கள்

வயது விஷயமாகக் கிளார்க்கைப் பார்க்க முன்பே நாள் கேட்டிருந்தேன். கோவிந்தசாமி சலவைச் சட்டையோடு வந்துவிட்டான். கிளார்க் ஏட்டைத் திறந்து, "வயசுல ஏதோ தப்புன்னீங்களாமே, சரியான வயசு என்ன?" என்றார்.

ஐம்பத்துமூன்று என்றேன்.

வெளியே வந்ததும் கோவிந்தசாமி, "அப்ப உன்கூடக் கப்பல்ல வந்தவன் எவன்டா?" என்றான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மாலையில் தேக்கா முறை. இடக்கையன்களைப் பரமசிவமே பார்த்துத் திருப்பினான், என்னைக் கேட்கவில்லை. நான் சாவியின் மறுமுனையைப் பிடித்துச் சுற்றினேன். முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது.