உனக்கு அரை மாத்திரை போதும்

சொர்ணம்,

நீ அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. மேகமலை எஸ்டேட்டுல மிஷின் ரிப்பேர், காலை ஜீப்புல போறேன். அங்கன செல் எடுக்காது. குழம்பு அடுப்பு மேல இருக்கு. உப்பு கூடிப்போச்சு, தயிர் ஊத்திக்க.

நேத்து மதுரைக்குப் போய் உன் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நீதான் மூணு நாளா என்கூடப் பேசலையே, அதான் சொல்லல. இந்த மனச்சோர்வு மாத்திரைக்கு அளவைப் பெரும்பாலும் வெள்ளைக்காரங்களுக்குக் குடுத்துப் பார்த்துத்தான் குறிச்சிருக்காகளாம். நம்ம பக்கத்து ஆளுகள்ல சில பேருக்கு ஈரல் அதை மெதுவாத்தான் கரைக்குமாம், மருந்து ரத்தத்துல தேங்கிருமாம். எல்லாருக்கும் அப்படியில்ல, ஆளுக்கு ஆள் மாறும்னாக. உனக்கு இப்போதைக்குப் பாதி போதும்னாக. உடைச்சு டப்பாவுல வச்சிருக்கேன். நீயா நிறுத்திறாத. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் போவோம்.

கை நடுங்குது, தலை சுத்துதுன்னு நீ அழுதப்ப, "ஊரே முழுங்குது, உனக்கு மட்டும் என்ன?"ன்னு கத்துனேனே, நெனச்சா எனக்கே கூசுது.

தங்கபாண்டி

மத்தியானம் கேஸ் சிலிண்டர் வரும். பணம் எடுக்க பீரோ சாவி கண்ணாடிக்குப் பின்னால.

இன்னொண்ணு. "ரெண்டு மாசமா ஏன் யாரும் சொல்லல?"ன்னு டாக்டரம்மா கேட்டாக. "அவ சொன்னா, நான்தான் காதுல வாங்கல"ன்னேன்.